சுத்தமான தண்ணீர்

எங்கள் கட்டடத்தில் டிரைவர் என்றால் ஒரே ஆள்தான். வேன் ஓட்டுகிறவர் இருக்கிறார், கம்பெனி கார் ஓட்டுகிறவர் இருக்கிறார். அவர்களையெல்லாம் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. என் தலைக்கு நேர் மேலே, கடைசி மாடியில் குடியிருந்தவர்தான் டிரைவர். அவர் பஸ்ஸைவிட்டு இறங்கிப் பல வருஷமாகியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட ஆளுக்கு எந்த டிப்போ ஸ்டியரிங்கைக் கொடுக்கும்? வேலை போனது, பேர் மட்டும் தங்கிவிட்டது.

நான் அவருக்குக் கீழ்வீட்டில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். எனக்கு வாய் நீளம் என்று கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். நாள் முழுக்கக் குனிந்தே கிடக்கிறவளுக்கு வாயையாவது நீட்டி மடக்க வேண்டாமா?

முதன்முதலில் அவர் என்னிடம் வந்தது ஒரு முழுக்கைச் சட்டையோடு.

"டெய்லரக்கா, இந்த இடது கைக்குத் தோள்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு ஜிப் வைக்க முடியுமா?"

"என்ன, புது பேஷனா? இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். முழங்கைக்கு மேலே ரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைத்து நெளிந்து கிடந்தது. தொட்டுப் பாருங்கள் என்றார். தொட்டேன். உள்ளே விர்ரென்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. என் மெஷினை வேகமாக மிதித்தால் மேஜை அதிருமே, அதே அதிர்வு. வாரத்துக்கு மூன்று நாள் அந்த இடத்தில்தான் இரண்டு தடித்த ஊசிகளைக் குத்தி, உடம்பிலிருக்கும் ரத்தத்தை வெளியே எடுத்து, டயாலிசிஸ் மெஷினில் கழுவி, திரும்ப உள்ளே விடுகிறார்களாம். அந்த அறையில் ஏசி எலும்பு வரைக்கும் குளிருமாம். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தால் பல் கிட்டிக்கொள்கிறது, அதற்காகத்தான் ஜிப் என்றார்.

என் வாயையே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஜிப் வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அவருடைய சட்டை எல்லாவற்றுக்கும் நான்தான் வைத்தேன். வெள்ளைச் சட்டைக்கு வெள்ளை ஜிப், நீலத்துக்கு நீலம்.

அவர் மனைவி ரொட்டிக் கம்பெனியில் பன் அடுக்குகிற வேலை செய்தாள். விடிவதற்குள் போய், மத்தியானம் மாவு வாசனையோடு திரும்புவாள். குழந்தை இல்லை. தான் இல்லாத நேரத்தில் அவரைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொள்ளும்படி ஒரு சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள். பெரிய கண்காணிப்பு ஒன்றுமில்லை. ஒரே ஒரு கட்டளைதான்.

"அக்கா, எவ்வளவு கெஞ்சினாலும் தண்ணி மட்டும் குடுத்துடாதீங்க."

அந்த நோயில் குடிக்கிற தண்ணீர் வெளியே போவதற்கு வழி கிடையாது. அப்படியே உடம்பில் தேங்கி, காலில் இறங்கி, பிறகு நுரையீரலுக்கு ஏறும். அதனால் அவருக்கு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் அளவு. மாத்திரை விழுங்குவதற்கும் அதிலேதான். உருளைக்கிழங்கைக்கூட, அதிலிருக்கும் பொட்டாசியம் போக, அவள் ஒரு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்துத்தான் கொடுப்பாள். ரொம்பத் தாகம் என்றால் ஒரு ஐஸ்கட்டியை எடுத்து வாயில் போடுவாள். அதை அவர் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கரையவே கூடாது என்பது மாதிரி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சகிக்காது எனக்கு. மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாமே என்று எல்லோரையும் போல நானும் கேட்டேன். அவருடைய இதயம் அவ்வளவு பெரிய ஆபரேஷனைத் தாங்காது என்று டாக்டர் முன்பே கையை விரித்துவிட்டாராம்.

இந்த மனிதர் எதை வைத்து உயிரோடு இருக்கிறார் என்று கேட்டால், ஒரு கம்ப்யூட்டரை வைத்து.

கடையில் வாங்கியது இல்லை, அவரே சேர்த்தது. ஒரு ஆபீஸை மூடியபோது தூக்கிப்போட்ட பெட்டி, எவனோ விற்ற பழைய கிராபிக்ஸ் கார்டு, ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்த மற்ற சாமான்கள். மேஜை விளிம்பில் ஒரு ஸ்டியரிங், தரையில் பலகையில் அறைந்த பெடல்கள். பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். அதில் நமக்கு வேண்டிய ரோட்டை நாமே போட்டுக்கொள்ளலாமாம். டிரைவர் தான் ஓட்டிய ரூட்டை அதில் போட்டுக்கொண்டிருந்தார். டிப்போ வாசலில் தொடங்கி, கடைசி ஸ்டாப்பான தண்ணீர்த் தொட்டி வரைக்கும், ஒவ்வொரு கடை, ஒவ்வொரு மரம், ஒவ்வொரு பள்ளம். சும்மா விளையாட்டு என்று நான் நினைத்தேன். ஒரு நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார்.

"இங்க ஒரு மேன்ஹோல் மூடி அமுங்கியிருக்கும். இடது டயர் இறங்கும், பாருங்க."

திரையில் பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது. சத்தியமாக என் இடுப்பும் குலுங்கியது.

"இந்தப் பெரியவர் தினம் கை காட்டுவார். நிறுத்தினா ஏற மாட்டார். போ போன்னு கையாட்டுவார். அவருக்கு நிறுத்தணும், அவ்வளவுதான்."

"நிறுத்துவீங்களா?"

"தினம் நிறுத்துவேன். கண்டக்டர் திட்டுவான்."

ஒரு தெருவைப் போட அவருக்கு மாதக்கணக்கில் ஆகும். டயாலிசிஸ் முடிந்து வருகிற நாளெல்லாம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடப்பார். மறுநாள் எழுந்து உட்கார்ந்து இரண்டு மின்கம்பம் நடுவார். பிறகு ஓட்டிப் பார்ப்பார். பிரேக்கை மிதிக்கிறபோது என் கூரையில் 'தொப்' என்று ஒரு சத்தம் விழும். ஸ்டாப் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கடைசி ஸ்டாப்பைப் பற்றி மட்டும் அடிக்கடி பேசுவார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு பெரிய குழாயாம். பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு, இறங்கி, குழாய்க்குக் கீழே தலையைக் கொடுத்து, வயிறு முட்டக் குடிப்பாராம். "அது வரைக்கும் போட்டு முடிச்சுடணும் அக்கா. அதுக்கப்புறம் என்ன ஆனாலும் பரவாயில்ல."

அந்த வருஷக் கோடைதான் வில்லன். மேல்தளம் காலையிலேயே கொதிக்க ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு அந்தப் பெட்டி. ரோடு நீள நீள அதற்கு வேலை அதிகமாகி, காற்றாடிகள் எல்லாம் ஓலமிட்டுக்கொண்டு, சூட்டை வாரி அந்தச் சின்ன அறைக்குள்ளேயே கொட்டும். ஜன்னலைத் திறந்தால் வெளி அனல், மூடினால் உள் அனல். அறைக்குள் நுழைந்தால் எனக்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு டம்ளர் மனிதருக்கு எப்படியிருக்கும்?

ஒரு மத்தியானம் அவர் தாங்கவில்லை. மனைவி வருவதற்குள் குளியலறைக் குழாயில் வாயை வைத்துவிட்டார். சாயங்காலம் மூச்சு முட்டி, உதடு நீலமாகி, இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நுரையீரலில் தண்ணீர். பிழைத்ததே பெரிது என்றார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்கே சண்டை. நான் கஞ்சி கொண்டுபோன நேரம், வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இந்தப் பெட்டிய இன்னிக்கே தூக்கி வெளியில வைக்கிறேன். இதால வர்ற சூட்டுலதான் உங்களுக்கு நாக்கு வறளுது."

"வை. வச்சுட்டு ஆஸ்பத்திரிக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிடு, அவர் இனிமே வர மாட்டார்னு."

"என்னங்க பேச்சு இது?"

"வாரத்துக்கு மூணு நாள் போய்ப் படுக்கிறேன். குத்துறான். கழுவுறான். உசிரு தொண்டைக்கு வந்துட்டுப் போகுது. எதுக்குப் போறேன்? மறுநாள் எழுந்து இதுல ரெண்டு தெரு ஓட்டத்தான். இது இல்லன்னா நான் எதுக்கு அங்க போகணும்? சொல்லு."

"அப்ப நான் எதுக்கு?"

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மாவு படிந்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நான் கஞ்சியை வைத்துவிட்டுச் சொன்னேன்: "ரெண்டு பேரும் வாய மூடுங்க. பெட்டிய எடுக்க வேணாம். அந்தச் சூட்ட எடுக்க வழியிருக்கான்னு பாருங்க."

வழி டிரைவர் தலையிலேயே இருந்தது. பஸ் இன்ஜின் பக்கத்தில் ஆயுள் முழுக்க உட்கார்ந்த ஆள் இல்லையா? இன்ஜின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் காற்றிடம் கொடுக்கும். கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னாராம். சூடாகிற சில்லு, சிப் என்கிறார்களே, அதன் மேலே ஒரு செப்புக் கட்டி, அதற்குள் தண்ணீர் ஓட இரண்டு குழாய், தள்ளிவிட ஒரு சின்னப் பம்பு, ஆறவைக்க ஒரு ரேடியேட்டர். வழக்கமாக எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்குமாம். ரேடியேட்டரை ஜன்னலுக்கு வெளியே நிழலில் மாட்டிவிட்டால் சூடு அறைக்குள் இறங்கவே இறங்காது என்பது டிரைவர் கணக்கு.

மாட்டித் தர வந்தது குமிழி. டயாலிசிஸ் அறையில் டெக்னீஷியன். ஊசி குத்துவது, குழாய் இணைப்பது, மெஷினைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவன்தான். ரத்தம் ஓடுகிற குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் ஆளுக்கு ஆபத்து என்பதால், எப்போது பார்த்தாலும் விரலால் குழாயைச் சுண்டிக்கொண்டே இருப்பானாம். டிரைவர் வைத்த பேர் அப்படியே நிலைத்துவிட்டது. முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை, டிரைவரோடு ஒட்டிக்கொண்டவன். லீவு நாளில் வந்தான்.

"அண்ணி, ஒண்ணும் பயப்படாதீங்க. நான் தினம் மனுஷனுக்குச் செய்யறேன். இது வெறும் டப்பா."

அவன் வேலை செய்ததைச் சொல்ல வேண்டும். பழைய காற்றாடியைக் கழற்றினான். சில்லு மேல் காய்ந்து கிடந்த பசையை, ஊசி போடும் முன் தோலைத் துடைப்பானே அந்த ஸ்பிரிட் பஞ்சால், அதே மாதிரி நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்தான். புதுப் பசையை ஒரு பட்டாணி அளவு வைத்தான். செப்புக் கட்டியை வைத்து, நாலு திருகையும் ஒரேயடியாக முறுக்காமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். "டயர் மாட்டுறதும் இப்படித்தாண்டா," என்றார் டிரைவர். ரேடியேட்டரை ஜன்னல் கம்பிக்கு வெளியே கட்டினார்கள். குழாய்கள் வெளியே போகிற சந்தில் அனல் வராமல் இருக்க, நான் பஞ்சு வைத்து ஒரு உறை தைத்துக் கொடுத்தேன். இரண்டு குழாய்க்கும் சேர்த்து ஒரு கை மாதிரி இருந்தது அது.

"பாத்தியா," என்றார் டிரைவர், "டெய்லரக்கா இதுக்கும் சட்டைக்கை தைச்சுட்டாங்க. ஜிப்தான் பாக்கி."

அவர் மனைவிகூடச் சிரித்துவிட்டாள். பல நாளைக்குப் பிறகு அவளுடைய பல்லைப் பார்த்தேன்.

தண்ணீர் ஊற்றுகிற நேரம் வந்தது. உப்பில்லாத காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவரிடம் பாட்டில் தீர்ந்துபோயிருந்ததால், பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரே போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவள் வாங்கி வைத்திருந்தாள். குமிழி அந்தக் கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"என்ன அண்ணி இது? மூடியே லூசா இருக்கு. எவன் எந்தத் தொட்டியில மொண்டானோ."

"கடைக்காரர் இதத்தான் சொன்னார்."

"அவர் கடைக்காரர். கிடைக்கிறத சொல்லுவார்." தன் பையிலிருந்து இரண்டு சலைன் பைகளை எடுத்து மேஜையில் வைத்தான். வரும் வழியில் மருந்துக் கடையில் வாங்கியிருக்கிறான். "அண்ணே, இத விடச் சுத்தமான தண்ணி உலகத்துல உண்டா? நேரா ரத்தத்துல கலக்கிறது. ஒரு தூசி கிடையாது, ஒரு கிருமி கிடையாது. உங்களுக்கு லைன் போடறதுக்கு முன்னாடி குழாய நான் எதால கழுவறேன்? இதாலதானே?"

"அதுல உப்பு இருக்குமே," என்றாள் அவள்.

"நம்ம ரத்தத்துல இருக்கிற அளவுதான் அண்ணி. நாக்குல வச்சாக்கூட லேசாத்தான் கரிக்கும்."

டிரைவர் சலைன் பையைக் கையில் வாங்கி, கனம் பார்த்தார். "எத்தனையோ வருஷமா என் உடம்புக்குள்ள போய் வருது இது. எனக்கு ஒண்ணும் பண்ணல. ஊத்துடா."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மனுஷ ரத்தத்துக்கு ஆகிறது ஒரு இரும்புப் பெட்டிக்கு ஆகாதா? அந்த அறையில் நாலு பேர் இருந்தோம், நாலு பேருக்கும் அப்படித்தான் பட்டது.

குமிழி கம்ப்யூட்டரைப் போடாமல் பம்பை மட்டும் ஓட்டினான். ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் என் வெள்ளை லைனிங் துணித் துண்டை விரித்து, ஈரம் தட்டுகிறதா என்று பார்த்தான். பெட்டியை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான், குழாய் நெடுக விரலால் சுண்டினான். குமிழிகள் ஒன்றின் பின் ஒன்றாக மேலேறிப் போயின. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நாளைக்கு ரெண்டு டம்ளர். இதுக்கு ஒரே மூச்சுல ரெண்டு பை. குடுத்து வச்ச ஜென்மம்."

சாயங்காலம் வரை பம்பு ஓடியது. துணித் துண்டு ஒன்றுகூட நனையவில்லை. ஒரு குறை சொல்ல முடியாத வேலை.

அதற்குப் பிறகு வந்தது நல்ல காலம் என்று சொன்னால் அந்த வீட்டுக்குப் பொருந்தும். ஓலம் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் ரேடியேட்டரிலிருந்து சூடு அடிக்கும், உள்ளே அறை அறை மாதிரி இருக்கும். அவருக்குத் தாகம் மட்டுப்பட்டது. கால் வீக்கம் வடிந்தது. டயாலிசிஸுக்குப் போகும்போது எடை பார்ப்பார்களாம். ஏறவே இல்லை, டாக்டரே பாராட்டினார் என்று அவள் படியில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். என் கூரையில் 'தொப்' சத்தம் அடிக்கடி விழுந்தது. ஸ்டாப் ஸ்டாப்பாக ரூட் நீண்டது. மாதா மாதம் ஒரு சட்டையோடு வந்து, ஜிப் இழுவை தேய்ந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்பார். இவர் நிறைய வருஷம் இருப்பார் என்று எனக்குள்ளே நானும் நம்பத் தொடங்கினேன்.

ஒரு நாள் அவள் தூசி தட்டும்போது செப்புக் கட்டியில் குழாய் சேருகிற இடத்தில் வெள்ளையும் பச்சையுமாக ஏதோ பூத்திருப்பதைப் பார்த்தாள். குமிழியிடம் காட்டினாள். அவன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"உப்புப் பூத்திருக்கு அண்ணி. ஊசி குத்தின இடத்துல சலைன் காஞ்சா இப்படித்தான் வெள்ளையாப் படியும். துடைச்சா போயிடும்."

துடைத்தான். போய்விட்டது.

கடைசி ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப் முடிந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டிப்போவிலிருந்து அங்கே வரைக்கும் முழுசாக ஓட்டினார். ஏறாத பெரியவருக்கு நிறுத்தினார். மேன்ஹோலில் இறங்கினார். கடைசியில் ஒரு வளைவில் நிறுத்தினார். அதற்கப்பால் திரையில் ரோடு இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

"இந்த வளைவு திரும்பினா தொட்டி, அக்கா. தொட்டியும் குழாயும் மட்டும்தான் பாக்கி. அடுத்த வாரம் வாங்க, தண்ணி காட்டறேன்."

"காட்டுங்க. ஆனா டிக்கெட் எடுக்க மாட்டேன்."

அந்த அடுத்த வாரத்தில்தான். நான் ஒரு பள்ளிக்கூட யூனிபார்முக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கூரையில் 'தொப்' என்றது. ஸ்டாப் என்று நினைத்தேன். மறுபடி 'தொப்'. உடனே இன்னொன்று. பிறகு விடாமல், வெறி பிடித்தது மாதிரி, 'தொப் தொப் தொப்'. கையிலிருந்ததைப் போட்டுவிட்டுச் சாவியோடு ஓடினேன்.

அறையில் கம்பி கருகிய நாற்றம். திரை கறுப்பு. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். பெட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய கோடாகத் தண்ணீர் தரையில் ஓடி வந்து, அவர் வெறுங்காலுக்குக் கீழே தேங்கியிருந்தது.

"போதும். கால எடுங்க. எடுங்க டிரைவர்."

"நிக்க மாட்டேங்குது அக்கா," என்றார்.

சுவரிலிருந்த சுவிட்சை நான் அணைத்தேன்.

மறுநாள் கம்ப்யூட்டர் கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். குமிழியும் வந்திருந்தான். நல்ல மனிதர். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். செப்புக் கட்டியின் விளிம்பு முழுக்கப் பச்சை அரித்து, அங்கிருந்து சொட்டி, கிராபிக்ஸ் கார்டு மேல் தேங்கி, கீழே போர்டு வரைக்கும் இறங்கியிருந்தது.

"என்ன ஊத்தினீங்க?"

குமிழிதான் சொன்னான்: "சலைன்."

கடைக்காரர் அவனைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். டார்ச்சை அணைத்துவிட்டு, மெதுவாகத்தான் பேசினார். "வெறும் தண்ணி சொட்டியிருந்தா காய வச்சு ஒரு முயற்சி பண்ணலாம். உப்புத் தண்ணி கரண்டோட சேர்ந்தா செம்புத் தகடு எல்லாத்தையும் தின்னுடும். சுத்தம் அசுத்தம் இல்ல தம்பி இதுல விஷயம்."

"ரோடு?" என்றார் டிரைவர்.

"எதுல இருந்தது?"

டிரைவர் போர்டில் கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே செருகியிருந்த சின்ன டிஸ்க் பட்டையைக் காட்டினார். அதன் ஒரு முனை கறுத்துப் பச்சை பிடித்திருந்தது.

"நகல் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"இருக்கு." அவர் குரலில் ஒரு உயிர் வந்தது. குனிந்து பெட்டியின் அடித்தட்டைக் காட்டினார். "இன்னொரு டிஸ்க் அதோ, அதுல முழுசா இருக்கு."

அடித்தட்டில்தான் தண்ணீர் தேங்கியிருந்தது. கடைக்காரர் அந்த டிஸ்க்கை வெளியே எடுத்துச் சாய்த்தார். அதிலிருந்து இரண்டு சொட்டு தரையில் விழுந்தது. பட்டை, டிஸ்க் இரண்டையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவருக்குத் தெரிந்த இடத்துக்கெல்லாம் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை என்று சொல்லத் தானே மாடியேறி வந்தார், போனில் சொல்ல மனம் வராமல்.

குமிழி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். என் வீட்டு வாசலுக்கும் மேல் மாடிக்கும் நடுவில், போகவும் மாட்டாமல் ஏறவும் மாட்டாமல். டிரைவர் தானே சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எழுந்திருடா."

"அண்ணே, நான் வேற செட் சேர்த்துத் தர்றேன். இதவிடப் பெருசா. ரோட்ட மறுபடி போடலாம். நானும் கூட உக்காந்து போடறேன்."

"போடலாம். எத்தனை வருஷம் ஆச்சு அதப் போட? அவ்வளவு வருஷம் எங்கிட்ட இருக்கா? நீதான் வாரம் மூணு நாள் என் எடையப் பாக்கறவன். நீயே சொல்லு."

குமிழி தோளைக் குலுக்கிக் குலுக்கி அழுதான். டிரைவர் அவன் முதுகில் தட்டினார். "நீ ஊத்தினது சுத்தமான தண்ணிதாண்டா. எனக்குத் தெரியும்."

சில நாள் கழித்து அவர் என்னிடம் இறங்கி வந்தார். கையில் சட்டைகள், வெள்ளை, நீலம், கட்டம் போட்டது, எல்லாம். துவைத்து மடித்திருந்தது. மெஷின் பக்கத்தில் வைத்தார்.

"டெய்லரக்கா, ஜிப்ப எல்லாம் எடுத்துட்டு, கைய மூடித் தைச்சுடுங்க. சாதாரண சட்டை மாதிரி."

எனக்கு உடனே புரிந்தது. புரியாத மாதிரி பேசினேன். "ஏன், ஜிப் நல்லாத்தானே இருக்கு? போன மாசம்தானே மாத்தினேன்."

"இனிமே திறக்க வேண்டியிருக்காது."

"என்னால முடியாது. வேற டெய்லரப் பாருங்க. ஊருல ஆயிரம் பேர் இருக்கான்."

"வேற யார்கிட்ட போய் இதச் சொல்றது?" சிரித்தார். மூச்சு வாங்கியது. "வச்சிருங்க. மனசு வர்றப்ப தைங்க."

"உங்க பொண்டாட்டிய நினைச்சுப் பாத்தீங்களா? கல்லா உங்க மனசு?"

அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறிப் போனார். அந்தச் சட்டைகளை நான் தொடவில்லை. கண்ணில் படாமல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடினேன். மூடினாலும் அவை அங்கேதான் இருந்தன. அவர் மனசு மாறி வந்து கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு நாலு திட்டுத் திட்ட வேண்டும் என்று வார்த்தை எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

வந்தது அவள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். மாவு வாசனை. நின்றபடியே அந்தப் புடவையைப் பார்த்தாள்.

"தைச்சுக் குடுத்துடுங்க அக்கா."

"நீயுமா? உனக்கு என்னடி ஆச்சு? ஆஸ்பத்திரிக்குக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போக வேண்டியவ நீ."

"போனோம் அக்கா. எனக்காகப் போய்ட்டு வாங்கன்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். சரின்னு ஒரு வார்த்தை பேசாம வந்தார். படுத்தார். குமிழிக்கு ஊசி ரெண்டு தடவை தப்பிடுச்சு. இவர் முகத்துல ஒரு சுளிப்புக் கூட இல்ல. சுவத்தப் பாத்துட்டே கிடந்தார். முன்னெல்லாம் ஊசி இறங்கினா கத்துவார், குமிழியத் திட்டுவார், எப்படா விடுவேன்னு மணி கேட்டுட்டே இருப்பார். வீட்டுக்கு வந்து ஓட்டணும்ல." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "திரும்பி வர்றப்ப கேட்டார். உனக்காக இன்னும் எத்தனை தடவை போகணும்னு. கோபமாக் கேக்கல. நிஜமாவே கேட்டார், நான் சொன்னா அத்தனை தடவை போவார். எனக்கு ஒரு தடவைன்னு சொல்லக்கூட வாய் வரல."

நான் தயாராக வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட உதவவில்லை. அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவள் போன பிறகு புடவையை விலக்கினேன்.

ஜிப்பைப் பிரிப்பது வைப்பதைவிடக் கஷ்டம். நான் இரட்டைத் தையல் போட்டிருந்தேன், பிய்ந்துவிடக் கூடாது என்று. ஒவ்வொரு தையலாகப் பிளேடால் அறுத்து, நூலைப் பொறுக்கி, துணி சுருங்கிய இடத்தை இஸ்திரி போட்டு நீவி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை மூடித் தைத்தேன். கண் மறைத்துக்கொண்டே இருந்தது. வெள்ளைச் சட்டையில் ஒரு இடம் கோணலாகப் போய், பிரித்து மறுபடி தைத்தேன். அந்தச் சட்டை கோணலாக இருப்பதை அவர் மேல் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் டயாலிசிஸ் நாள். வழக்கமாக அவர்கள் இறங்கிப் போகிற நேரத்தில் நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கதவோரம் நின்றேன். யாரும் இறங்கவில்லை. ரொட்டிக் கம்பெனிக்கும் அவள் அன்று போகவில்லை. பிறகு மேலே அவள் அடுக்களைப் பக்கம் நடக்கிற சத்தம் கேட்டது. குழாயைத் திறந்தாள். ஒரு டம்ளர் நிறைகிற நேரம் ஆயிற்று, இரண்டு டம்ளர் நிறைகிற நேரமும் ஆயிற்று, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அது டம்ளரில் விழுகிற சத்தம் இல்லை, அவர் வயிறு முட்டக் குடிக்க அவள் செம்பில் பிடித்துக்கொண்டிருந்தாள்.